ஒற்றைமர மேட்டில் நிற்கும் டிராக்டர்

“திருடன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஐயா வண்டியில நான் தண்ணி ஊத்தினேன்னு மட்டும் சொல்லாதீங்க!”

“பின்ன யாரு ஊத்தினா? டீசலை உருவிட்டு, அளவு குறையக் கூடாதுன்னு தண்ணிய ஊத்தி வெச்சிருக்கே. அதான் வாராவாரம் வண்டி நிக்குது!”

“வாராவாரம் ஏன் அதே எடத்துல நிக்குது? அதுக்குப் பதில் சொல்லுங்க. தைரியம் இருந்தா நீங்களே ஒரு தடவை மேட்டுல ஏத்திக் காட்டுங்க, பார்ப்போம்!”

தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்த சண்டை, ‘மேடு’ என்ற சொல் வந்ததும் சட்டென்று தாழ்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டரை மணி. என் ஜன்னலுக்கும் எதிர்வீட்டு முற்றத்துக்கும் நடுவில் இருபதடித் தெரு. கத்தினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கலாம்; முணுமுணுத்தால் எழுந்துதான் போகவேண்டும். என் சர்க்கரைப் பாட்டில் பாதி நிறைந்திருந்தது. இருந்ததை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, காலிப் பாட்டிலோடு சர்க்கரை கேட்கக் கிளம்பினேன்.

முற்றத்தில் சிவப்பு டிராக்டர் நின்றிருந்தது. அதன் ஒரு பக்கம் ஓட்டுனர்: முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவன், ஆறு வருஷமாக இந்த வீட்டு வண்டியைத் தவிர வேறெதையும் தொடாதவன். மறுபக்கம் கொழுந்தன்காரர்: வீட்டுக்காரம்மாவின் செத்துப்போன கணவருக்குத் தம்பி, ஒல்லி, சட்டை கசங்கினால் கூடவே முகமும் கசங்கும். வாசற்படியில் வீட்டுக்காரம்மா. சண்டை தன்னைப் பற்றியது இல்லை என்பதுபோல, மேடு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெருவில் எனக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அது பாதிதான் சரியாக இருக்கும்.

பதினோரு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, எதிர்வீட்டு ஐயா வண்டியோடு வயலுக்குப் போனார். வழியில் ஒரே ஒரு ஏற்றம். உச்சியில் ஒரே ஒரு மரம். ஒற்றைமர மேடு. அங்கே வண்டியை நிறுத்தி, தண்ணீர் குடிக்க இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. வண்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது, மனிதர்தான் நின்றுபோயிருந்தார். வயலில் காத்திருந்த ஓட்டுனர் ஓடிப்போய்ப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் இன்ஜினை அணைத்தான். அந்தச் சத்தம் அடங்கியதை அடுப்படியில் நின்று நான் கேட்டேன். ஏன் அடங்கியது என்று தெரியாமலே கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வண்டி தானாகவே அங்கே நிற்க ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது, இப்போது வாரம் தவறாமல். செவ்வாய் புதனில் ஒழுங்காக ஏறும். திங்கட்கிழமை மட்டும் மரத்துக்கு நேராக வந்ததும் இருமும், வெள்ளைப் புகை கக்கும், அடங்கும். தெருவில் யாரும் ஒன்றும் பேசமாட்டோம். பாத்திரம் தேய்க்கிற கைகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டு, பிறகு தேய்க்கும்.

கொழுந்தன்காரர் அதற்குத் திருட்டு என்று பேர் வைத்தார். ஓட்டுனர் பேரே வைக்கவில்லை. வண்டியைப் பின்னால் உருட்டிச் சமதரைக்குக் கொண்டுவந்து, ஃபில்டரைக் கழற்றி உள்ளே தேங்கியதை ஊற்றிவிட்டு, மறுபடி கிளப்புவான். வீட்டுக்காரம்மா என்ன நினைத்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ரெண்டு பேரும் எதுக்குக் கத்தறீங்க? அவர்தான் நிறுத்தறார். போதும், நிறுத்துன்னு எனக்குச் சொல்றார்.” குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. “சாயங்காலம் ஆறு மணிக்குப் பொண்ணு போன் பண்ணுவா. வீட்டைப் பூட்டிட்டு அங்கேயே வந்துடறேன்னு சொல்லிடப் போறேன்.”

“அதைத்தான் அண்ணி நானும் சொல்றேன். இவனை அனுப்பிட்டு, வயலைக் குத்தகைக்கு விட்டுட்டு, நிம்மதியாப் பொண்ணு வீட்டுல இருங்க.”

ஓட்டுனர் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போகிறவனுக்கு இன்னொரு வண்டியின் சாவியை எவர் கொடுப்பார்? எனக்கும் பாட்டில் கையில் கனத்தது. எதிர்வீடு பூட்டிக்கிடந்தால் நான் எந்த ஜன்னலைப் பார்ப்பது?

அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஒரு பெண். பின்னால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர். ஓட்டுனரைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கொழுந்தன்காரர் வரவழைத்த துப்பறிவாளர். ஜெராக்ஸ் கடை மாடியில் அவருக்கு அலுவலகம். முக்கால்வாசி வேலை, மாப்பிள்ளை குடிக்கிறானா என்று மோப்பம் பிடிப்பது. பூதக்கண்ணாடி என்று பேர், சட்டைப்பையில் எப்போதும் அது ஒன்று இருப்பதால். மாத்திரை அட்டையில் எழுத்து படிப்பதற்கு மட்டும் வெளியே எடுப்பார். பெண் அவருடைய உதவியாளர். இருபத்தெட்டு வயது. வாயாடி என்ற பட்டத்தை ஊர் கொடுப்பதற்குள் அவளே வைத்துக்கொண்டுவிட்டாள்.

கொழுந்தன்காரர் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். வாயாடி கேட்டுவிட்டு, “சார், பேயா இருந்தா பிடிக்க நமக்குப் பவர் இருக்கா?” என்றாள்.

“மாப்பிள்ளையையே பிடிக்க இல்லை. பேசாம இரு” என்றார் பூதக்கண்ணாடி. ஓட்டுனர் பக்கம் திரும்பி, “டீசல் எங்க வாங்கறீங்க?” என்றார்.

“பங்க்ல சார். சனிக்கிழமை கேன்ல பிடிச்சுட்டு வருவேன். அங்க பிடிச்சுக் கொடுக்கற பொண்ணையே கேளுங்க. கேன் வாயைத் துணியால துடைக்காம ஒரு சொட்டு ஊத்தாது.”

“அது துடைக்கிறதை நின்னு பார்ப்பீங்களோ?” என்றாள் வாயாடி.

ஓட்டுனரின் முகத்தில் கிரீஸ் இருந்தது. அதையும் மீறிச் சிவப்பு தெரிந்தது.

“ஒரு கண்ணாடிப் பாட்டில் வேணுமே” என்று பூதக்கண்ணாடி நாலு பக்கமும் பார்த்தார். எல்லோர் கண்ணும் என் கையில் வந்து நின்றது. சர்க்கரை கேட்க வந்தவளிடம் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். அது திரும்பி வரவே இல்லை.

முதலில் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றினார்கள். தேன் மாதிரித் தெளிவு. அதைக் கேனிலேயே கொட்டிவிட்டு, ஓட்டுனர் வண்டிக்கு அடியில் படுத்து, டேங்க்கின் அடித்திருகைத் தளர்த்தினான். கலங்கலாக ஏதோ பாட்டிலில் இறங்கியது. முற்றத்துச் சுவரில் வைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். ஐந்து நிமிஷத்தில் பாட்டிலுக்குள் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே மஞ்சள், கீழே அழுக்குத் தண்ணீர்.

“பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல!” கொழுந்தன்காரர் கையைத் தட்டினார்.

“பார்த்தேன். எவ்வளவு தண்ணி?”

“எவ்வளவா இருந்தா என்ன?”

“ஒரு டம்ளர் இருக்குமா? அதுவும் நிறையாது. டம்ளர் கணக்குல டீசல் திருடி இவர் என்ன செய்வார்? தலைக்குத் தேய்ச்சுக் குளிப்பாரா? தவிர, வண்டி நின்னா வெயில்ல உருட்டறது யாரு?”

“நான்தான் சார்” என்றான் ஓட்டுனர்.

“தான் தள்ளப்போற வண்டியில தானே தண்ணி ஊத்தற திருடனை நான் இன்னும் சந்திக்கலை. சந்திச்சா உங்ககிட்ட கூட்டிட்டு வர்றேன்.” பாட்டிலைச் சுவரிலிருந்து எடுத்தார். “இப்ப இடத்தைப் பார்ப்போம். டேங்க்கிலேருந்து டீசல் போற குழாய் எந்தப் பக்கம் இருக்கு?”

“பின்பக்கம் சார். அடியிலேருந்து ஒரு விரல் உயரத்துல.”

பூதக்கண்ணாடி பாட்டிலைச் சாய்த்தார். அடியில் பரவிக்கிடந்த தண்ணீர் மொத்தமும் ஒரு மூலைக்கு ஓடி, அங்கே திரண்டு நின்றது. “சமதரையில தண்ணி தேமேன்னு கிடக்கும். குழாய் வாய்க்கு எட்டாது. வண்டி மூக்கைத் தூக்கினா எல்லாம் பின்னால ஓடிவந்து குழாய்க்குள்ள போயிடும். இன்ஜின் தண்ணியைக் குடிச்சு ஓடாது. இந்தப் பக்கத்துல வேற மேடு இருக்கா?”

வேறு மேடு இல்லை.

“அப்ப இடம் முடிஞ்சுது” என்றாள் வாயாடி. “கிழமை, சார்?”

படியிலிருந்து வீட்டுக்காரம்மா பதில் சொன்னாள். “திங்கக்கிழமைதானே போனார்.”

அதற்குமேல் வெயிலில் நின்று பேச எவருக்கும் மனம் வரவில்லை. “உள்ள வாங்க, டீ போடறேன்” என்று அவள் திரும்பினாள். என்னை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. போனேன்.

கூடத்தில் ஐயாவின் பெரிய போட்டோ ஒன்று இருக்கிறது. பேசாத மனிதர். போட்டோவிலும் ‘என்ன?’ என்று கேட்கிற முகம்தான். கீழே நாற்காலிகள். வீடு துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. அவர் போனதிலிருந்து அந்தம்மாவுக்கு அதுவே வேலை. சுவர் அலமாரியைத் திறந்து டீ கிளாஸ்களை எடுத்தாள். கதவை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வாயாடி மூக்கைச் சுளித்தாள். “டீசல் வாசனை வரலை?”

“உங்க கையைப் பாருங்க” என்றார் கொழுந்தன்காரர்.

“நான் தொடவே இல்லையே. சார்தானே பிடிச்சார். அவர் கையைக் கழுவிட்டுத்தான் உள்ள வந்தார்.”

எனக்கும் வந்தது. வெளியே காற்றில் வருகிற புது வாசனை இல்லை. சட்டை மடிப்பில் ஊறிக்கிடப்பது போன்ற பழைய வாசனை. மெல்ல எழும்பி, சாவகாசமாக அடங்கியது.

அடுப்படியிலிருந்தே குரல் வந்தது. “அப்பப்ப வரும். பயப்படாதீங்க. அவர்தான்.”

இத்தனை வருஷத்தில் அந்த வாயாடி பதில் பேசாமல் இருந்தது அந்த ஒரு முறைதான் என்று அவளே பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டாள். என் கைகளில் மயிர் எழுந்து நின்றது. கொழுந்தன்காரர் நாற்காலியைப் போட்டோவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். அண்ணன் சாவதற்கு முந்தின நாள் இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு என்பதும், அன்றைக்கு இவர் முகம் கொடுத்துப் பேசாமல் போனார் என்பதும், அந்தச் சாவுக்கப்புறம் ஒரு நாளும் மேட்டுப்பக்கம் கால் வைக்கவில்லை என்பதும் தெருவுக்கே தெரியும். யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

டீ வந்தது. பூதக்கண்ணாடி குடிக்காமல் ஆற வைத்தார். வாயாடிக்குக் கையைச் சும்மா வைக்க முடியவில்லை. வாசலுக்குப் போய் என் பாட்டிலை எடுத்துக் குலுக்க ஆரம்பித்தாள். தூரத்திலிருந்து பார்க்கவே எனக்கு வயிறெரிந்தது.

“சார்!” என்று கத்தினாள் திடீரென்று. “உங்க பேய் சோப்பு போட்டுக் குளிக்குது!”

ஓடிப்போய்ப் பார்த்தோம். பாட்டிலின் கழுத்து வரை நுரை. மேலே இருந்த டீசலைக் கேனில் வடித்துவிட்டு அடித் தண்ணீரைத் தனியாகக் குலுக்கினாள். துணி ஊறவைத்த வாளி மாதிரி பொங்கியது.

பூதக்கண்ணாடி ஓட்டுனரைப் பார்த்தார். “வண்டியை எப்பக் கழுவறீங்க?”

“ஞாயித்துக்கிழமை சார். சோப்புத்தூள் போட்டு, ஹோஸ் பிடிச்சு. ஐயா அப்படித்தான் கழுவுவார். அவர் போனப்புறம் வண்டி அழுக்கா நிக்கக் கூடாதுன்னு நான் இன்னும் நல்லாவே கழுவறேன்.”

“ஞாயிறு கழுவினா திங்கக்கிழமை காலையில முதல் ஏத்தம்” என்றாள் வாயாடி. “கிழமையும் முடிஞ்சுது சார்.”

முடியவில்லை. பூதக்கண்ணாடி முதல்முறையாகச் சட்டைப்பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தார். மாத்திரைக்கு இல்லாமல் அதை எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வண்டியின் மேலேறி டேங்க் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

“இது இன்னைக்கு நேத்து வெடிச்சதில்லை. அஞ்சாறு வருஷமாவது ஆகும். ஐயாவும் இதே மூடி மேலதான் ஹோஸ் பிடிச்சார். அவர் காலத்துல வண்டி ஒரு நாளாவது நின்னுதா?”

“ஒரு நாளும் இல்லை சார்.”

“ஏன்?”

அவர் மூடியைச் சுற்றி விரலால் கோடு போட்டுக் காட்டினார். வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகிப் போயிருந்த பானட்டில், மூடியைச் சுற்றி வட்டமாகக் கொஞ்சம் இடம் மட்டும் புத்தம்புதுச் சிவப்பு. பக்கத்தில் ஒரு கொக்கி. அதில் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் ஒன்று, எதையுமே பிடித்துக்கொள்ளாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

“இந்த எடத்துல வெயில் பட்டதில்லை. மழையும் பட்டதில்லை. இங்க ஒண்ணு வருஷக்கணக்கா உக்கார்ந்திருந்தது. இந்த ரப்பர் அதைக் கட்டிப் பிடிச்சிருந்தது. வட்டமானது, கைப்பிடி உள்ளது. என்ன அது?”

ஓட்டுனர் தலையில் அடித்துக்கொண்டான். “குவளை! ஐயாவோட தகரக் குவளை! எப்பவும் கவுத்துத்தான் வெச்சிருப்பார். தண்ணி குடிக்க வெச்சிருக்கார்னு நினைச்சேன் சார். ஆறு வருஷம் தினம் பார்த்திருக்கேன், ஒரு வார்த்தை அவரும் சொல்லலை, நானும் கேட்கலை.”

“கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

“அன்னைக்குத்தான்.” அவன் குரல் இறங்கியது. “மரத்தடியில. அவர் கையில.”

“அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தது யாரு?”

எல்லோரும் கொழுந்தன்காரரைப் பார்த்தோம்.

“நான்தான் தூக்கிட்டு வந்தேன்” என்றார் அவர். சட்டை கசங்கவே இல்லை, முகம் கசங்கியது. “அதுக்காக? குவளையை நான் எடுத்து என்ன பண்ணப் போறேன்? ஒரு குவளையைத் தூக்கிப் போட்டு அண்ணன் குடும்பத்தைக் கவுக்கப் பார்த்தேன்கிறீங்களா?”

“வயலைக் குத்தகைக்கு விடச் சொன்னது நீங்கதானே” என்றாள் வாயாடி.

“நான்தானே உங்களைக் கூப்பிட்டேன்!”

“அதான் சார் எனக்கும் சங்கடமா இருக்கு.”

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்திருக்கலாம். கொழுந்தன்காரரை எனக்கு எப்போதுமே பிடிக்காது. மனதுக்குள் விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றியும் விட்டேன். பூதக்கண்ணாடி அவரைப் பார்க்கக்கூட இல்லை. வண்டியிலிருந்து இறங்கி, கூடத்துக்குள் போய், சுவர் அலமாரி முன்னால் நின்றார்.

“அம்மா. டீ கிளாஸ் எடுத்தீங்களே. இதை இன்னொரு தடவை திறக்கறீங்களா?”

வீட்டுக்காரம்மா அசையவில்லை. அப்புறம் மெதுவாக வந்து கதவைத் திறந்தாள். அதே பழைய வாசனை வந்தது. இந்த முறை எங்கிருந்து வருகிறதென்று எல்லோருக்கும் தெரிந்தது. கிளாஸ்களுக்குப் பின்னால், ஐயாவின் பழைய துண்டில் சுற்றி, ஏதோ ஒன்று.

அவளே எடுத்தாள். அவளே பிரித்தாள். நெளிந்த தகரக் குவளை. விளிம்பு முழுக்க டிராக்டரின் சிவப்பு, மெல்லிய கோடாக.

“டீசல் நாத்தம் அடிக்கிற குவளையில தண்ணி குடிக்காதீங்கன்னு இருபது வருஷமா கத்தியிருக்கேன்” என்றாள். “கையிலேருந்து பிரிக்க முடியலை. நான்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சேன். இந்த வீட்டுல நான் கழுவாம வெச்சிருக்கிற சாமான் இது ஒண்ணுதான்.”

வாயாடி தரையைப் பார்த்தாள்.

“அப்ப வாராவாரம் நிறுத்தினது அவர் இல்லை” என்றாள் வீட்டுக்காரம்மா. “நான்தானா?”

பூதக்கண்ணாடி இதற்குத் தயாராக வந்தவர் இல்லை. குடிக்கிற மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் யாராவது நன்றி சொல்வார்கள். இங்கே என்ன சொல்வது? தொண்டையைச் செருமினார். “மூடிக்குப் புது வாஷர் போட்டா சரியாயிடும்மா. குவளையைத் திரும்ப வைக்கணும்னு இல்லை. இதை நீங்களே வெச்சுக்கலாம்.”

அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் முழுக்க முற்றத்தில் வேலை நடந்தது. டேங்க்கிலிருந்த டீசலையெல்லாம் வடித்து, அடியில் படிந்திருந்த சேற்றை ஓட்டுனர் துணி சுற்றிய குச்சியால் துழாவி எடுத்தான். ஃபில்டருக்கு அடியில் அழுக்குத் தங்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவாமல் துடைத்தான்; இனி தண்ணீரே வேண்டாம் என்றான். புது ஃபில்டர், புது வாஷர் வாங்க ஸ்கூட்டரில் போனவள் வாயாடி. வழியில் பங்க்கிலும் நின்றிருக்கிறாள். கேன் வாயைத் துடைக்கிற அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாளோ, புது டீசல் கேனோடு ஒரு புதுத் துணியும் வந்தது. “டேங்க் துடைக்கக் கொடுத்துச்சு” என்று ஓட்டுனர் கையில் கொடுத்தாள். அவன் அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பழைய துணியாலேயே துடைத்தான்.

டீசல் ஊற்றியாகிவிட்டது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஓட்டுனர் கைப்பம்ப்பை அமுக்க அமுக்க, தளர்த்திய போல்ட்டின் ஓரத்தில் முதலில் நுரையும் குமிழியுமாக வந்தது. பிறகு குமிழியே இல்லாமல் சுத்த டீசல். “முறுக்குங்க!” என்றான். ஸ்பேனரைப் பிடித்திருந்தவர் யார் தெரியுமா? கொழுந்தன்காரர். முழங்கை வரை எண்ணெய். காலையில் திருடன் என்று கூப்பிட்ட வாய், “இன்னும் ஒரு சுத்தா, போதுமா?” என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தது. மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. வந்திருந்தால் ஓட்டுனருக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.

ஐந்தரை மணிக்கு வண்டி கிளம்பியது. ஓட்டுனர் பக்கத்தில், மட்கார்டு மேல், பதினோரு மாதத்துக்குப் பிறகு கொழுந்தன்காரர். வாசலைத் தாண்டுவதற்குள், “நில்லு தம்பி” என்று வீட்டுக்காரம்மா இறங்கி வந்தாள். குவளையைக் கொண்டுவந்திருந்தாள். மூடிமேல் கவிழ்த்து, ரப்பர் வளையத்தை இழுத்துக் கைப்பிடியில் மாட்டினாள். புதுச் சிவப்பு வட்டத்தில் அது இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

“அவர் வெச்ச எடம். அங்கேயே இருக்கட்டும்” என்றாள்.

வண்டி போனது. நாங்கள் முற்றத்தில் நின்று காதால் பின்தொடர்ந்தோம். தெரு முழுக்க அதையேதான் செய்துகொண்டிருந்தது. ஒரு வீட்டிலும் பாத்திரச் சத்தம் இல்லை. தடதடவென்று மேடேறும் சத்தம். மரத்தை நெருங்கும் சத்தம். வீட்டுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் நிற்கவில்லை. மேட்டைத் தாண்டி, வயலுக்குள் இறங்கி, தேய்ந்து போயே போய்விட்டது.

வாயாடி கைதட்டப்போனவள், அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துக் கையைக் கீழே விட்டாள்.

“நிக்கலை” என்றாள் வீட்டுக்காரம்மா. படியில் உட்கார்ந்தாள். “ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலையில எழுந்ததும், இன்னைக்கு நிக்குமா நிக்குமான்னு காத்துக்கிட்டிருப்பேன். நின்னா அழுவேன். அழுதுட்டு வேலையைப் பார்ப்பேன். இனிமே…”

பூதக்கண்ணாடி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பு சரியாகக் கிடைத்ததற்கு வருத்தப்பட்டவர் போல இருந்தார்.

ஆறு மணிக்கு உள்ளே போன் அடித்தது. நான் சர்க்கரைக்காக இன்னும் அங்கேயேதான் இருந்தேன். “இல்லைம்மா, நான் வரலை” என்று அவள் சொன்னது கேட்டது. “இங்க வண்டி ஓடுது. நான் இல்லாம யாரு பார்ப்பா?” மகள் ஏதோ கேட்டிருக்கவேண்டும். “உங்கப்பாவா? அவர் ஒண்ணும் சொல்லலை. எப்பத்தான் அவர் வாயைத் திறந்து சொன்னார்?”

வண்டி திரும்பி வந்தது. கொழுந்தன்காரர் இறங்கி, நேராக என்னிடம் வந்தார். நம்புவதற்கு ஆள் தேடுகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். “மரத்துக்கு நேரா வர்றப்ப ஒரே ஒரு தடவை இருமிச்சுங்க. ஒரே தடவை. என் காதால கேட்டேன்.” ஓட்டுனர் இல்லை என்றான். பூதக்கண்ணாடி, “குழாய்ல மிச்சமிருந்த காத்து” என்றார். வீட்டுக்காரம்மா மட்டும் அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

கொழுந்தன்காரர் கிளம்பிப் போனபிறகு ஓட்டுனரைக் கூப்பிட்டாள். “தம்பி, அடுத்த திங்கக்கிழமை மேட்டுல வண்டியை நீயே நிறுத்து. தண்ணி குடிக்கிற நேரம் நின்னுட்டுப் போ. போதும்.”

அப்படித்தான் இன்றுவரை நடக்கிறது. அது தெரியாமல், அடுத்த வாரமே கொழுந்தன்காரர் பூதக்கண்ணாடிக்குப் போன் போட்டு, “சார், மறுபடி நிக்குது!” என்று அலறினாராம். “அது கேஸ் இல்லை” என்று சொல்லி அவர் வைத்துவிட்டாராம்.

கொழுந்தன்காரர் மறுவருஷம் வீட்டைக் காலிசெய்துகொண்டு நகரத்துக்குக் குடிபோனார். போகுமுன் ஒரு நாள் தனியாக நடந்தே மேட்டுக்குப் போய், மரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று தெரியவில்லை, பக்கத்தில் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது. வாயாடி, ஜெராக்ஸ் கடைக்காரரையே கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொன்னது பூதக்கண்ணாடிதான், மாடியிலிருந்து எட்டிப் பார்த்தே வேலையை முடித்தார். வீட்டுக்காரம்மா எங்கேயும் போகவில்லை. என் ஜன்னல் பிழைத்தது.

ஓட்டுனருக்கும் பங்க்கில் டீசல் பிடித்துக் கொடுக்கும் பெண்ணுக்கும் அறுவடை முடிந்ததும் கல்யாணம். அதற்கடுத்த திங்கட்கிழமை வயலைப் பார்க்க அவளும் மட்கார்டில் உட்கார்ந்து போனாளாம். அன்றைக்குப் புல் அறுக்க அந்தப் பக்கம் போன என் நாத்தனார் பார்த்துச் சொன்னது இது. மரத்தடியில் அவன் இன்ஜினை அணைத்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவன் குவளையைக் கழற்றி, தண்ணீர் குடித்து, அவளுக்கும் ஊற்றிக் கொடுத்தான். டீசல் வாசனை என்று அவள் முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு அது பழக்கம்தானே. குடித்து முடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, டேங்க் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்தாள். அப்புறம் குவளையை உதறி, அதையும் துடைத்து, கவிழ்த்து வைத்து, ரப்பரை மாட்டினாள்.